மிருதுளா பிழைப்பாளா?

மிருதுளா மாடிப்படியில் உருண்ட அன்று ராத்திரியே ஓவேலியில் ஒரு சில்வர் ஓக் மரம் டிவி கேபிள் ஒயர் மேல் சாய்ந்தது. ரோடு அடைத்துக்கொண்டது. பால் வண்டி வரவில்லை. பள்ளிக்கூடத்து ஓடுகள் பறந்தன. தேயிலை எஸ்டேட் லைன் வீடுகளில் இதையெல்லாம் யாரும் பொருட்படுத்தவில்லை. மிருதுளா பிழைத்தாளா, இல்லையா? அது ஒன்றுதான் கேள்வி.

மிருதுளா எட்டு மணி சீரியலின் கதாநாயகி. நாத்தனார்க்காரி பின்னாலிருந்து தள்ளிவிட்டாள். தலை தரையில் மோதுகிற சத்தத்தோடு 'தொடரும்' போட்டுவிட்டார்கள்.

கேள்விக்கு அவசரமும் இருந்தது. தீபாவளி போனஸ் வருகிற சமயத்தில், அந்த வருஷத்தின் நல்ல படம் எது, நல்ல சீரியல் எது என்று இலை எடை போடும் கொட்டகையில் பெண்கள் கூடித் தீர்ப்புச் சொல்வது வழக்கம். படத்துக்கு அமீனா பொறுப்பு. கூடலூர்த் தியேட்டருக்கு வந்த எதையும் அவள் விட்டதில்லை. அழவைக்காத படத்துக்குக் கொடுத்த டிக்கெட் காசு தண்டம் என்பது அவள் கணக்கு. அந்த வருஷம் கண் தெரியாத அண்ணனும் ஊமைத் தங்கையும் வந்த படம் எதிர்ப்பில்லாமல் ஜெயித்திருந்தது. சீரியலுக்குப் பேச்சி பொறுப்பு. அவள்தான் இழுத்தடித்தாள்.

"அவ செத்தா என் ஓட்டு கெடையாது. வருஷம் பூராச் சோத்தைத் தீய விட்டுட்டுப் பாத்தேன். இவ சாவறதுக்கா?"

செல்போனில் பேச மட்டுமே முடிந்த காலம் அது. ஆகவே எல்லாரும் வெள்ளியங்கிரியைப் பார்த்தார்கள்.

வெள்ளியங்கிரி ஃபீல்டு ஆபீசர். பி.காம். முப்பது வயதாகவில்லை. அந்த டிவிஷனில் டிஷ் வைத்த வீடு அவனுடையது ஒன்றுதான். டிஷ் அவன் மனைவி சுசீலாவின் ஏற்பாடு. சீரியலைத் தவறவிட்டவர்களுக்குக் காலையில் பால் வாங்கப் போகிற வழியில் நின்று கதை சொல்லிவிட்டுத்தான் போவாள். தை மாதம் அவளைக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். தனியாகத் திரும்பினான்.

அதற்கப்புறம் அந்த டிவியை அவன் தொடவில்லை. ரீசார்ஜும் செய்யவில்லை. அதைச் சொன்னால் எல்லாரும் ஒரு முகம் வைப்பார்கள். கழுத்து சாய்ந்து, உதடு பிதுங்கி, கடைசியில் ஒரு 'த்சு'. அந்த முகத்தைப் பார்த்துப் பார்த்து அவனுக்கு அலுத்துவிட்டது.

"ஏனுங்க சார், உங்க ஊட்டுல டிஷ் இருக்குதில்ல? மிருதுளா என்ன ஆனாளுங்க?" என்றாள் பேச்சி.

"ஐ.சி.யூ.ல இருக்கா" என்றான்.

அத்தோடு விட்டிருக்கலாம். மறுநாள் காலை மழையில் நனைந்துகொண்டு அத்தனை பேரும் கொட்டகையில் காத்திருந்தார்கள்.

"ரத்தம் யாருங்க குடுத்தா?" என்றாள் பேச்சி.

"மாமியார்."

கொட்டகை கொந்தளித்தது. மூன்று மாதம் முன்னால் மிருதுளாவின் பாயசத்தில் விஷம் கலந்தவள் அந்த மாமியார்தானாம். வெள்ளியங்கிரிக்கு இது தெரியாது. "திருந்திட்டாங்க" என்று சமாளித்தான்.

"அவளா! எனக்கு நம்பிக்கையில்லீங்க. ரத்தத்துலயும் எதையாச்சும் கலந்திருப்பா" என்றாள் ஆயம்மாள். கூட்டத்திலேயே மூத்தவள் அவள்தான்.

அடுத்த நாள் மிருதுளாவைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றினான். வேறு வழி தெரியவில்லை. ஆம்புலன்ஸைக் கல்லாறு வளைவில் யானை மறித்து நிறுத்தியது.

"இருங்க சார்" என்றாள் அமீனா. "சீரியல் நடக்கறது மெட்ராஸ்லல்ல? ஆனை எங்கிருந்து வந்துச்சு?"

"ஷூட்டிங்கை மாத்திட்டாங்க."

"அட, நம்மூருக்கா!" ஆயம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை.

யானை போகிறவரை டிரைவர் லைட்டை அணைத்துவிட்டதைச் சொன்னான். ஆக்சிஜன் சிலிண்டர் ஒவ்வொரு வளைவிலும் உருண்டு வந்து புருஷன் காலில் இடித்ததையும், அவள் கண்ணைத் திறந்து "பசிக்குதா?" என்று அவனைக் கேட்டதையும் சொன்னான். பேச்சி அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

அதன்பின் தினமும் ஒரு கதை. டாக்டர் வெளிநாட்டிலிருந்து வந்தார், வந்த பெட்டி தொலைந்தது, நாத்தனாருக்குப் பைத்தியம் பிடித்தது. யாரை வேண்டுமானாலும் அவனால் கொல்ல முடிந்தது. மாமனாரை அநியாயமாகப் பலி கொடுத்தான். மிருதுளாவை மட்டும் முடியவில்லை. பிழைக்க வைக்கவும் வாய் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கேபிளைச் சரிசெய்தார்கள்.

திங்கட்கிழமை காலை எடை மிஷின் பக்கம் ஒரு கூடைகூட வரவில்லை. பேச்சி இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"சார், அவ போட்டோவுல மாலை தொங்குது."

அவன் எடைச் சீட்டைப் புரட்டினான்.

"விழுந்த அன்னைக்கே போயிட்டாளாம். புருஷங்காரன் ரெண்டாவது பொண்ணு பாத்துட்டு வந்து பஜ்ஜி தின்னுட்டிருக்கான். நீங்க கொன்ன மாமனாரு பக்கத்துல உக்காந்து பேப்பர் படிக்கறாரு. நீங்க எந்த ஊர் டிவி சார் பாத்தீங்க?"

"டிவி பாக்கலை. ரீசார்ஜ் பண்ணலை."

"எப்ப இருந்துங்க?"

"தை மாசத்துல இருந்து."

அந்த முகம் வரப்போகிறது என்று தரையைப் பார்த்தான். வரவில்லை.

"பஜ்ஜி திங்கறவனுக்கு என் ஓட்டு இல்லை" என்றாள் பேச்சி. "இந்த வருஷத்து நல்ல சீரியல் சாரோடதுதான். என்னங்கடி சொல்றீங்க?"

"ஆனை வந்ததுக்கே குடுக்கலாம்" என்றாள் ஆயம்மாள்.

"ஆனா முடியாத கதைக்கு ஓட்டுப் போட முடியாது" என்றாள் பேச்சி. "முடிச்சுருங்க சார். மிருதுளா பொழைச்சாளா?"

மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. பிழைத்துவிட்டாள் என்று சொன்னால் கைதட்டுவார்கள். இலையை நிறுத்துவிட்டுப் போய்விடலாம். வாயைத் திறந்தான்.

"செத்துட்டா" என்றான். அந்த வார்த்தையை அவன் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. "விடியக்காலையில. நான் டீ வாங்கப் போயிருந்தேன்."

யாரும் அவனைத் திருத்தவில்லை. பேச்சி முதலில் ஆரம்பித்தாள். இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டாள். அமீனா கீழே உட்கார்ந்துவிட்டாள். "பசிக்குதான்னு கேட்டாளே, மகராசி!" என்று ஆயம்மாள் மாரில் அடித்துக்கொண்டாள். கொட்டகையே ஒப்பாரி வைத்தது. வெள்ளியங்கிரி தராசுக் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

ரோட்டில் ஃபேக்டரி லாரி ஹாரன் அடித்தது. விட்டு விட்டு அடித்தது.

"பொறுய்யா! இங்க சாவு" என்று கத்தினாள் பேச்சி.

டிரைவர் சங்கிலி பதறி இறங்கி ஓடிவந்தான். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டான்.

"அய்யய்யோ, யாருங்க?"

"மிருதுளா."

"எந்த லைனுங்க சார்?" என்று வெள்ளியங்கிரியைக் கேட்டான். "ஃபேக்டரியில லீவுன்னு சொல்லிரட்டுங்களா?"

வெள்ளியங்கிரி கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தான்.

"அரை நாள்" என்றான்.