அளந்து கொடுத்த தெரு

மாநகராட்சியின் வரிப் பிரிவில் இருபத்தொரு வருடங்களாக அவளுக்கு ஒரே வேலை, கட்டடங்களை அளப்பது. வீடோ கடையோ, கதவைத் தட்டி உள்ளே போய், நீள அகலம் பிடித்து எழுதிக்கொண்டு வருவாள். அதை வைத்துத்தான் வரி போடுவார்கள். கடைத்தெருவில் அவளுக்கு ‘டேப் அக்கா’ என்று பெயர். அவள் தலை தெரிந்தாலே முனைக்கடை சலூன்காரர், “அளவெடுக்க வந்தாச்சு, எல்லாரும் மூச்ச உள்ள இழுத்துக்கங்க!” என்று குரல் கொடுப்பார்.

அந்தத் தெருவில்தான் அவளுடைய அண்ணன் தையல் கடை வைத்திருந்தார். கீழே கடை, மேலே வீடு. தெருவில் எல்லோருக்குமே அப்படித்தான். நூற்று முப்பது கடைகள், ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்த மாதிரி நின்றன. சாக்கடை அடைத்துக்கொண்டு ஆறு வருடம் ஆகிறது. தெருவிளக்கு மூன்றுக்கு ஒன்று எரியும். ஊரில் அதற்கு ‘அழுக்குத் தெரு’ என்று பெயர்.

ஊரின் பெருமையெல்லாம் எட்டு கிலோமீட்டர் தள்ளி, புது நகரில் இருந்தது. அகலச் சாலை, அடுக்குமாடிகள், நடுவே ஒரு பிரம்மாண்டமான கடை. அதன் முன்னால் ஆயிரம் கார் நிற்க இடம். அவ்வளவு தூரத்துக்குக் குழாய் போட்டதும் சாலை போட்டதும் மாநகராட்சிதான். அந்த வருடம் ஊழியர்களுக்கு இரண்டு மாதம் சம்பளம் வரவில்லை.

புதிதாக வந்த ஆணையர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். சின்ன வயசு. மேஜைமேல் ஊரின் வரைபடத்தை விரித்து வைத்திருந்தார்.

“இந்த ஊர்ல எந்தப் பகுதி நமக்குச் சோறு போடுது, எது நம்ம சோத்தத் திங்குது? ஒருத்தருக்கும் சொல்லத் தெரியல.”

“அளந்து பாத்தா தெரியும் சார்.”

“அப்ப அளங்க. காகிதத்துல இருக்கறது வேணாம், நெஜமா இருக்கறது வேணும்.”

இத்தனை வருடத்தில் ஒருவரும் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை. அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் தானாகவே சிரித்துக்கொண்டு போனாள்.

புது நகரை அளப்பது சுலபம், எல்லாம் பதிவேட்டிலேயே இருந்தது. கடைத்தெருதான் சிக்கல். பிள்ளை பிறந்தபோது ஒரு அறை, தம்பிக்குக் கல்யாணம் ஆனபோது ஒரு அறை என்று ஒவ்வொருவரும் அனுமதி வாங்காமல் மாடியில் கட்டிக்கொண்டே போயிருந்தார்கள். அவளும் இத்தனை நாள் அண்ணாந்து பார்க்காமல்தான் இருந்தாள். இந்த முறை அப்படி விட முடியாது. சலூனில் எல்லோரையும் கூட்டி வைத்துப் பேசினாள்.

“மாடி உட்பட அளக்க விடுங்க. இந்தத் தெரு ஊருக்கு எவ்வளவு தர முடியும்னு முழுசா தெரிஞ்சாத்தான் சாக்கடை, விளக்கு எல்லாம் அடிச்சுக் கேக்க முடியும்.”

“அக்கா, இது சொந்தக் காசுல சூனியம் வெச்சுக்கற மாதிரி இல்ல?” என்றார் சலூன்காரர். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் யாரும் தலையாட்டவில்லை.

ஓரமாக உட்கார்ந்திருந்த அண்ணன் எழுந்தார். “சொல்றது என் தங்கச்சி. என் வீட்டுலேருந்து ஆரம்பிக்கட்டும்.”

அதற்குப் பிறகு கதவுகள் திறந்தன. நான்கு மாதம் ஏறி இறங்கினாள். ஏணி வழியாகப் போகிற அறைகள், பழைய தகரத்தால் மூடிய அறைகள், உடம்புக்கு முடியாதவர்கள் படுத்திருந்த அறைகள். எல்லா வீட்டிலும் தண்ணீர் கொடுத்து, டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்கள். “இந்த மூலைய விட்டுட்டீங்களே” என்று அவர்களே எடுத்துக் காட்டினார்கள்.

முடிவு வந்தபோது அவளாலேயே நம்ப முடியவில்லை. மூன்று முறை கூட்டிப் பார்த்தாள். மாடிகளுக்கும் வரி போட்டால், ஒரே அளவு நிலத்துக்கு, அந்தப் பிரம்மாண்டக் கடை தருவதைப் போல் பதினொரு மடங்கு கடைத்தெரு தரக்கூடியதாக இருந்தது. அதற்காக மாநகராட்சி செய்த செலவு நானூறு மீட்டர் சாலையும் ஒரு குழாயும். புது நகரோ தான் கொடுப்பதைப் போல இரண்டு மடங்கு தின்றது. யானையைக் கட்டித் தீனி போடுகிற கதை.

ஆணையர் எழுந்து நின்று கைகொடுத்தார். “இருபது வருஷமா யாரும் செய்யாத வேலை இது.”

அன்று மாலை அண்ணி எல்லோருக்கும் டீ போட்டாள். சலூன்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, “அக்கா, நாங்க பணக்காரங்கன்னு எங்களுக்கே இப்பதான் தெரியுது” என்றார். அண்ணன் தங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா இருந்திருந்தால் இப்படித்தான் பார்த்திருப்பார் என்று அவளுக்குத் தோன்றியது.

இரண்டு மாதம் கழித்து ஒவ்வொரு கதவிலும் நோட்டீஸ் ஒட்டினார்கள். மாநகராட்சி குத்தகைக்கு விட்டிருந்த கடைத்தெரு நிலம் ஒரு கட்டுமான நிறுவனத்துக்குப் போகிறது, இருபது மாடி வணிக வளாகம் வரப்போகிறது, மாடிகளெல்லாம் அனுமதியில்லாமல் கட்டப்பட்டவை, அதனால் குத்தகை ரத்து, இழப்பீடு கிடையாது. பின்னால் ஆதாரம் என்று ஒரு பட்டியல் இணைத்திருந்தார்கள். வீடு வீடாக, அறை அறையாக. ஒவ்வொரு பக்கத்தின் கீழும் அவள் கையெழுத்து.

ஆணையரின் அறைக்கு ஓடினாள்.

“சார், இது நான் எதுக்குக் கொடுத்தேன், நீங்க எதுக்கு எடுத்துருக்கீங்க?”

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. “அவ்வளவு சின்னக் கடைங்களே இவ்வளவு தருதுன்னா, அதே எடத்துல இருபது மாடி நின்னா எவ்வளவு தரும்? நீங்க காட்டின கணக்குதாம்மா.”

“தர்றது நெலம் இல்ல சார், அந்த மனுஷங்க. கறக்கற மாட்டப் போய் அறுக்கறீங்களே!”

“எனக்கும் மேல ஆள் இருக்காங்க. அடுத்த மாசம் சம்பளம் போடணும். அந்த நிறுவனம் முன்பணம் தருது.” கொஞ்சம் தயங்கி, “உங்க அண்ணன் கடையும் அங்கதான்னு எனக்குத் தெரியாது” என்றார். தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று அவள் கேட்கவில்லை.

தெருக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். சாட்சி சொல்ல அவளை அழைத்தார்கள். மாநகராட்சியின் வக்கீல் பட்டியலைத் தூக்கிக் காட்டி, “இந்த அளவுகள் சரிதானே?” என்று கேட்டார். சும்மா பேச்சுக்குக் கேட்ட கேள்வி.

அவள் முன்வரிசையைப் பார்த்தாள். அண்ணனும் அண்ணியும் உட்கார்ந்திருந்தார்கள்.

“தப்பு” என்றாள். “பல வீட்டு மாடிக்கு நான் ஏறவே இல்ல. உத்தேசமா எழுதிட்டேன்.”

இருபத்தொரு வருடத்தில், அளந்த எதையும் ஒரு விரற்கடை கூடக் கூட்டியோ குறைத்தோ எழுதாதவள். சொல்லும்போது குரல் நடுங்கவில்லை.

அதனால் ஒன்றும் ஆகவில்லை. நீதிபதி மறுபடி அளக்கச் சொன்னார். இரண்டு பேர் லேசர் ஒளியால் அளக்கிற கருவியோடு வந்து மூன்றே நாளில் அளந்துவிட்டுப் போனார்கள். ஒரு அறைகூடப் பிசகவில்லை. பட்டியல் மிகத் துல்லியமானது என்று தீர்ப்பிலேயே எழுதினார்கள். தெருவுக்குத் தோல்வி. பொய்ச்சாட்சி சொன்னதற்காக அவளை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

நீதிமன்ற வராந்தாவில் சலூன்காரர் அவள் பக்கத்தில் வந்து நின்றார். அவர் முகத்தில் கோபம்கூட இல்லை.

“பொய்ய மொதல்லயே சொல்லியிருக்கலாமேக்கா” என்றார்.

இடிக்க ஒரு வாரம்தான் ஆனது. அண்ணன் இரண்டு தையல் மிஷினையும் வண்டியில் ஏற்றிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனார்.

மூன்று வருடம் ஓடிவிட்டது. கட்டுமான நிறுவனம் குழி தோண்டியதோடு சரி, கையை விரித்துவிட்டது. குழியை மண் போட்டு மூடி, அந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. ஊருக்கு அதிலிருந்து வருவது கைச்செலவுக்குக்கூடக் காணாது. இப்போது மற்றத் தெருக்களிலும் விளக்கு எரிவதில்லை. ஊழியர்களுக்குச் சம்பளம் மறுபடி நின்றுபோனது. ஆணையர் பதவி உயர்வோடு வேறு ஊருக்குப் போய்விட்டார்.

அண்ணனும் அண்ணியும் புது நகரில் ஒன்பதாவது மாடியில் வாடகைக்கு இருந்தார்கள். போன மாதம் ஒரு மதியம் அவள் பார்க்கப் போனாள். மாநகராட்சி விடுகிற பஸ், மணிக்கு ஒன்றுதான். அண்ணிதான் கதவைத் திறந்தாள். இளைத்திருந்தாள்.

“வா. நீயாச்சும் வந்தியே. இங்க கதவத் தொறந்தா எதுத்தாப்பல இன்னொரு கதவுதான். யாரு இருக்காங்கன்னே தெரியல.”

அண்ணன் சாப்பாட்டு இடைவேளையில் வந்தார். அந்தப் பெரிய கடையில், பின்பக்க அறையில், பேன்ட் கால்களை வெட்டிக் குட்டையாக்குகிற வேலை.

“எப்படிண்ணே இருக்கு?”

“நாளைக்கு நாப்பது பேன்ட். யாரு கால்னு தெரியாது. துண்டுச்சீட்டுல நம்பர் வரும்.”

சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்ததும் அவள் சொன்னாள்: “அன்னிக்கு நீ என்னை நம்பியிருக்கக் கூடாதுண்ணே.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“நீ நல்லதுக்குத்தான் செஞ்சே. அதான், யாரையும் திட்டக்கூட முடியல.”

அண்ணி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அண்ணனுக்கு நேரமாகிவிட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு, “பாத்துப் போ” என்று சொல்லிவிட்டு அவளுக்கு முன்பே இறங்கிப் போனார்.

பஸ் நிறுத்தத்தில் நிழல் இல்லை. ஒன்றரை மணி நேரம் நின்றாள். கடைசியில் அந்தப் பக்கமாகப் பெருக்கிக்கொண்டு வந்த பெண்தான் சொன்னாள், மாநகராட்சியிடம் காசில்லை என்று அன்று மதியத்திலிருந்து இந்த வழி பஸ்ஸை நிறுத்திவிட்டார்களாம்.

அவள் அண்ணாந்து ஒன்பதாவது மாடியைத் தேடினாள். எல்லா ஜன்னலும் ஒன்றுபோல இருந்தன. மறுபடி ஏறிப் போய்க் கதவைத் தட்ட மனம் வரவில்லை. அந்த அகலச் சாலையில் நடப்பவர்களுக்கென்று ஓரம்கூட விடவில்லை. கார்களுக்கு ஒதுங்கி ஒதுங்கி, மண்ணில் இறங்கி நடக்க ஆரம்பித்தாள்.