லென்ஸ் டாக்டரின் சுவர்

எங்கள் வீட்டுப் பின்சுவரை நான் எடுத்த அளவுக்குப் படம் எடுத்தவர் உலகத்தில் இருக்க முடியாது. யார் லென்ஸ் கைக்கு வந்தாலும் முதலில் அந்தச் செங்கல் சுவருக்கு எதிரே கேமரா முக்காலியை நிறுத்துவேன். படத்தைக் கணினியில் பெரிதாக்கி மூலை மூலையாகப் பார்ப்பேன். பிறகு தீர்ப்பை இணையக் குழுவில் எழுதுவேன். பகலில் காப்பீட்டு அலுவலகத்தில் கோப்பு தள்ளுகிறவன் நான். குழுவில் எனக்கு லென்ஸ் டாக்டர் என்று பெயர். இந்த டாக்டர் ஒரு மனித முகத்தை உருப்படியாக எடுத்ததில்லை என்பது அங்கே யாருக்கும் தெரியாது.

என் மனைவியின் தம்பி வேலையை விட்டுவிட்டுக் கல்யாணப் படம் எடுக்கிற தொழிலில் இறங்கினான். முதல் ஆர்டர் கிடைத்ததும், வெளிச்சம் குறைந்த இடத்திலும் எடுக்கக்கூடிய லென்ஸ் ஒன்றை வாங்கிக்கொண்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்தான்.

"எடுத்துப் பாத்தேன் மாமா, சூப்பரா இருக்கு."

நான் சிரித்தேன். படத்தைப் பார்க்கிறவன் ரசிகன். சுவரைப் பார்க்கிறவன்தான் நிபுணன்.

தீர்ப்பு: வலது பக்கம் மங்கல். "திருப்பிக் குடுத்துடு மச்சான்," என்றேன். கடைக்காரர் முனகிக்கொண்டே வேறொன்று கொடுத்தார். அதுவும் வலது பக்கம் மங்கல். மூன்றாவதும் அப்படியே. சாதாரண மனிதனுக்கு இந்த இடத்தில் தன் மேல் சந்தேகம் வந்திருக்கும். எனக்குத் தொழிற்சாலை மேல் வந்தது. கடையில் அதற்கு மேல் சரக்கு இல்லை, கல்யாணமோ மறுநாள்.

"பழைய லென்ஸை வெச்சு சமாளி. கோளாறு லென்ஸால பேரைக் கெடுத்துக்காதே," என்று அனுப்பிவைத்தேன்.

மண்டபத்து வெளிச்சத்துக்குப் பழைய லென்ஸ் ஈடுகொடுக்கவில்லை. படங்களில் முகங்களெல்லாம் கலங்கிப்போயிருந்தன. பெண்ணின் அப்பா ஆல்பமே வேண்டாம் என்றுவிட்டார். மச்சான் பழைய முதலாளியிடமே வேலை கேட்டுப் போனான்.

குழுவிலோ என் தீர்ப்பு பிய்த்துக்கொண்டு போனது. அதைப் படித்த முப்பது நாற்பது பேர் தங்கள் லென்ஸிலும் வலது பக்கம் மங்கல் என்று கண்டுபிடித்திருந்தார்கள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

பிறகு ஒரு பெருமழை. காலையில் பார்த்தால் பின்சுவரில் பாதி தரையில் கிடந்தது. வலது பாதி.

"விழும்னு நெனச்சேன்," என்றாள் மனைவி. "அந்தப் பக்கம் ரொம்ப நாளாவே தொப்பை தள்ளிக்கிட்டு நின்னுச்சே. துணி காயப்போடும்போதெல்லாம் முழங்கை இடிக்கும்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"தினம் அதைத்தானே உத்து உத்துப் பாத்தீங்க! உங்களுக்குத் தெரியாதா என்னன்னு விட்டுட்டேன்."

பிதுங்கிய சுவர் கேமராவுக்குப் பக்கத்தில் வந்தால் ஃபோகஸ் தப்பி மங்கத்தான் செய்யும். கேமராவைத் தலைகீழாகத் திருப்பி இன்னொரு படம் எடுத்திருந்தால், லென்ஸ் கோளாறு இடது பக்கம் மாறியிருக்கும், சுவர்க் கோளாறு அங்கேயே நின்றிருக்கும்; குட்டு அன்றைக்கே வெளிப்பட்டிருக்கும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் அவளைவிட மோசம். கூடம் நிஜமாகவே கோணலாக இருந்தும் எனக்குத் தெரியவில்லை.

குழுவில் உண்மையை எழுதினேன். "உங்க சுவர் கோணலா இருக்கலாம். எங்க லென்ஸ் கோளாறுதான்," என்று பதில் வந்தது.

அவர்கள் எக்கேடும் கெட்டுப் போகட்டும். மச்சான் முகத்தை நினைத்தால் சோறு இறங்கவில்லை. நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டு, அவனையும் அவன் அக்காவையும் அதே கடைக்கு அழைத்துப் போனேன். அதே லென்ஸ் புதிதாக வந்திருந்தது. மச்சான் அதை மாட்டி, கல்லாப் பக்கம் நின்ற அக்காவை ஒரு படம் எடுத்தான்.

எட்டிப் பார்த்தேன். அவள் எதற்கோ சிரிக்கத் தொடங்கிய நொடி. நெற்றியில் விழுந்த முடி இழை இழையாகத் தெரிந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் அவளை ஒரு தடவைகூட இப்படி எடுத்ததில்லை. வெட்கமாக இருந்தது.

"கொள்ளை அழகா இருக்குடா," என்றேன்.

அவனோ அக்காவின் முகத்தைத் தாண்டி, படத்தின் ஓரத்தைப் பெரிதாக்கி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தான்.

"வலது பக்கம் கொஞ்சம் மங்கல் மாதிரி இல்ல, மாமா?" என்று சொல்லிவிட்டு லென்ஸைக் கழற்றி மேஜையில் வைத்தான்.