நோரீன் கையில் கார் சாவி

தெல்மா மூன்றாவது தடவை கேட்டபோதுதான் நோரீனுக்குச் சுருக்கென்றது.

"திரும்பிப் போறப்ப நான் ஓட்டட்டுமாடி? உனக்கும் கொஞ்சம் ஓய்வா இருக்கும்ல."

"என் கார் என்ன வாடகைக் குதிரையா, ஆளாளுக்கு ஏறி ஓட்ட?" வெடுக்கென்று சொல்லிவிட்டு, வினிகர் தெளித்த மீனைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள்.

விட்பி துறைமுகச் சுவரோரம் நோரீன், தெல்மா, ஹேஸல் என்று மூன்று சிநேகிதிகளும் உட்கார்ந்திருந்தார்கள். வருஷா வருஷம் ஆகஸ்டில் தங்கள் ஊர் பிக்கரிங்கிலிருந்து மேட்டுவெளியைத் தாண்டி இங்கே வருவார்கள், மீன் தின்பார்கள், கடற்பறவைகளைத் திட்டுவார்கள், திரும்புவார்கள். எப்போதும் நோரீன்தான் ஓட்டுவாள். இத்தனை வருஷத்தில் ஒருத்தியாவது சாவியைக் கேட்டதுண்டா? காலையிலிருந்தே சரியில்லை. வளைவு வந்தபோதெல்லாம் பின்சீட்டில் ஹேஸல் பிரேக் மிதிப்பதுபோல் காலை அழுத்தினாள். மீன் கடை வரிசையில் இரண்டு பேரும் குசுகுசுவென்று பேசினார்கள். இவள் கிட்டே போனதும் வாயை மூடிக்கொண்டார்கள்.

எல்லாம் ஜோவான் வேலை. பெற்ற மகளே போன் போட்டு இவளுகளை ஏவி விட்டிருக்கிறாள். மார்ச் மாதம் கண் டாக்டர் வண்டி ஓட்டுவதை நிறுத்தச் சொன்னது அவளுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. புருஷன் எர்னஸ்ட் போனபிறகு நோரீனுக்கு அந்தக் கார்தான் கை, கால் எல்லாம். அவள் வீட்டுப் பக்கம் வாரத்துக்கு ஒரே ஒரு பஸ். சாவி போனால் வீடு போச்சு. வீடு போனால் லீட்ஸில் மகளின் பின்னறைதான் கதி. கொடுப்பாளா? செத்தாலும் மாட்டாள்.

கார் நிறுத்துமிடத்துக்கு நடந்தபோது ஹேஸல் சட்டென்று நின்றாள்.

"அந்த நீல வேன் நம்பர் என்னடி? எங்க தெருக்காரன் வண்டி மாதிரி இருக்கு."

அடிப்பாவி! இருபது மீட்டர் தள்ளி நின்று நம்பரைப் படிக்க முடிந்தால்தான் இந்த நாட்டில் வண்டி ஓட்டலாம். ஹேஸல் அந்தத் தூரத்தை அளந்து வைத்ததுபோல்தான் நின்றிருந்தாள். நோரீன் மட்டும் என்ன லேசுப்பட்டவளா? காலையில் அந்த வேன் பக்கத்தில் நிறுத்தும்போதே நம்பரை நெட்டுருப் போட்டிருந்தாள். எழுத்தும் எண்ணுமாக மூச்சுவிடாமல் ஒப்பித்தாள்.

"என்னடி, பாஸா?"

"சும்மாதான்டி கேட்டேன்," என்று ஹேஸல் அசடு வழிந்தாள்.

மேட்டுவெளி முழுக்க ஊதாப் பூ. வேலி கிடையாது, அங்கே ரோடு ஆடுகளுக்குத்தான் சொந்தம். நோரீன் ஜம்மென்று ஓட்டினாள். ஒரு மேட்டில் ஏறியதும் நடுரோட்டில் வெள்ளையாக ஒன்று படுத்திருந்தது. பிரேக் போட்டாள்.

"பாரு, மகாராணி படுத்திருக்கா."

காத்திருந்தாள். ஹாரனை லேசாகத் தட்டினாள். அசையவில்லை. கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினாள்.

"எழுந்திரும்மா தாயே, எங்களுக்கும் வீடு வாசல் இருக்கு!"

எதற்கெடுத்தாலும் சிரிக்கும் தெல்மா பக்கத்து சீட்டில் தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி, ரெண்டு பேரும் ஊமையாயிட்டீங்க?"

காற்று ஒன்று வீசியது. ஆடு படபடவென்று எழும்பி, உருண்டு, புதரில் போய்ச் சிக்கிக்கொண்டது. காலித் தீவனச் சாக்கு.

நோரீன் கண்ணாடியை ஏற்றினாள்.

"ஜோவான் எப்போ போன் பண்ணினா?" என்று கேட்டாள்.

"யாரும் பண்ணலடி," என்றாள் தெல்மா. "போன ஞாயித்துக்கிழமை சர்ச் வாசல்ல உன்னைப் பார்த்துக் கையாட்டினேன். 'குட் மார்னிங் சார்'னு சொல்லிட்டுப் போயிட்டே."

ஹேஸல் பின்னாலிருந்து மூக்கை உறிஞ்சினாள். சிரிப்பா அழுகையா, தெரியவில்லை. பாவம், நாள் முழுக்க இவளுகளைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று நோரீனுக்கு நெஞ்சு வலித்தது.

இன்ஜினை அணைத்தாள். சாவியை உருவித் தெல்மாவின் மடியில் வைத்தாள். இறங்கி, காரைப் பிடித்துக்கொண்டே சுற்றி வந்து மறுபக்கக் கதவைத் திறந்தாள்.

"இறங்குடி. மூணாவது கியர் மக்கர் பண்ணும், அழுத்திப் போடு," என்றாள். சொன்னதும் அழுதுவிட்டாள்.