நாமும் நாங்களும்

மேற்கு மலைகளின் பின்னே கதிரவன் இறங்க, பனி போர்த்த முகடுகள் சிவந்து பின் சாம்பல் பூக்க, கிழங்கு தோண்டிய வயல்களில் எரிந்த சருகின் புகை கூரைகளின்மேல் படிய, அந்திப்பொழுதில் எங்கள் வைலாபம்பா ஊர் மன்றத்தில் கூடியிருந்தது. கூட்டியவர் தெயோபிலோ கோராவா. இளமையிலேயே ஊர்நீங்கி, லிமா நகரில் பேராசிரியராகி, நாட்டின் இலக்கிய வரலாற்றை எசுப்பானிய மொழியில் எழுதிப் பெயர்பெற்று, அதனையே தாய்மொழியாம் கெச்சுவாவிலும் ஆக்கிக்கொண்டு வந்திருந்தார். நகரில் அவருக்கு மனைவியில்லை, மக்களில்லை. ஊர் தம்மைத் தன்னவன் என்று ஏற்றால் இங்கேயே தங்கிவிடலாம் என்றிருந்தார். ஐயோ பாவம், வேறொன்றும் அவர் கேட்கவில்லை.

முன்வரிசையில் அவர் தமக்கை லெயோனார்தா, "இவனுக்கா நம்ம பேச்சு மறக்கும்? சின்னதுல வாய் ஓயாது, கழுதைகூட காதை மடக்கிக்கும்" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் பெருமை பேசிக்கொண்டிருந்தாள்.

அவர் எழுந்து முதல் வரியைப் படித்தார்: "இந்நாட்டில் நாங்கள் இரு நாவால் பாடியவர்கள்."

எசுப்பானியத்தில் நாம் என்பதற்கும் நாங்கள் என்பதற்கும் ஒரே சொல். கெச்சுவாவிலோ, தமிழைப் போலவே, இரண்டும் வேறு. நகரத்தாரிடம் தம் மக்களைப் பற்றிப் பேசிப் பேசி, கேட்போரை விலக்கி நிறுத்தும் சொல்லே அவர் நாவில் ஊறிப்போயிருந்தது; அதையே தம் மக்களிடமும் கூறிவிட்டார்.

"யாருப்பா அந்த நாங்க?" என்றாள் தமக்கை. "லிமாக்காரங்களா? அப்ப நாங்கல்லாம் எதுல சேத்தி, தம்பி?"

சிலர் சிரித்தனர். "நாமன்னுதான் சொல்ல வந்தேன், அக்கா. வாய் தவறிடுச்சு" என்றார் அவர், முகம் வெளிறி.

ஆனால் நூல் முழுவதும் அச்சொல்லே எழுதப்பட்டிருந்தது. பக்கந்தோறும் தடுக்கி, நின்று, திருத்தி, மீண்டும் தடுக்கி அவர் படித்துச்செல்ல, ஊரார் பொறுமையோடு காத்திருந்து, முடிவில் வெளியூர் விருந்தினருக்குத் தட்டுவதுபோல் கைதட்டிக் கலைந்தனர். லெயோனார்தா மட்டும் கண்கலங்கி அமர்ந்திருந்தாள்.

வீட்டில் அவள் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, அவித்த கிழங்கும் பாலாடைக்கட்டியும் எடுத்துவைத்தாள். பின்பு, ஊருக்கு வரும் அலுவலரிடம் மட்டுமே தான் பேசும் அரைகுறை எசுப்பானியத்தில், தம்பிக்கு எளிதாயிருக்கட்டுமென்று, மெல்லச் சொன்னாள்: "உக்காருங்க, ஐயா. சாப்பிடுங்க."

அதில் கேலியில்லை, கனிவே இருந்தது. இரு மொழிக்கும் வரலாறு எழுதிய அப்பெருமகனுக்கு, அவளை எந்த மொழியில் அக்கா என்று அழைப்பதெனத் தெரியாமற் போயிற்று.