இரண்டு முனையிலும் பின் வைத்த வயர்

இன்வர்ட்டர் வாங்கப் போன அன்றைக்கே கொளஞ்சிக்குப் புத்தி கொஞ்சம் பிசகித்தான் இருந்தது. கடைகளுக்கு ஷட்டர் மாட்டுகிற தொழில் அவனுக்கு. சாரம் பகுதிக்கு மேற்கே புதிதாக எழும்பும் கட்டடங்களில் கரண்டு கிடையாது. ஆனால் சுவரில் துளை போட டிரில்லிங் மெஷின் ஓடியாக வேண்டும். தன் லாரி பேட்டரியில் இன்வர்ட்டரை மாட்டினால் வீட்டுக் கரண்டு மாதிரியே மெஷின் ஓடும் என்று யாரோ சொல்ல, பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த தனிஸ்லாஸ் கடையில் போய் நின்றான்.

தனிஸ்லாஸ் தானே இன்வர்ட்டர் கட்டி விற்பவர்; மரியாதைக்கு எல்லாரும் 'முசே' என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் கொண்டுவந்த டிரில்லிங் மெஷினை வாங்கி அதிலிருந்த தகட்டைப் படித்தார். லாரி இருபத்துநாலு வோல்ட்தானே என்று கேட்டுக்கொண்டு, ஒரு சின்னப் பெட்டியை எடுத்து வைத்தார்.

"ஒனக்கு இது போதும்ப்பா. கௌம்பும்போது மெஷின் கரண்ட ஒரு இழு இழுக்கும். அதையும் தாங்கும்."

கொளஞ்சியின் கண் சின்னதில் இல்லை. மூலையில் டிரங்குப் பெட்டி கணக்காக உட்கார்ந்திருந்த பெரியதில் இருந்தது.

"முசே, அது என்னா ஓட்டும்?"

"ஒரு வூட்டையே ஓட்டும். ஒனக்கு எதுக்கு அது?"

இது போதாதா அவனுக்கு? வீட்டில் நேற்றிலிருந்து கரண்டு இல்லை. கிளம்பும்போதே அவன் மனைவி ஜெயம் இடித்துக்காட்டியிருந்தாள். "ஊரான் கட்டடத்துக்கெல்லாம் கரண்டு கொண்டு போறீங்க. நம்ம வூட்ல நான் அம்மியில அரைக்கிறேன்." பெரியதே இருக்கட்டும் என்றுவிட்டான்.

"மெஷின மட்டும் மாட்டு. வூட்டு பிளக்குல கொண்டு போய்ச் சொருவிடாத" என்றார் தனிஸ்லாஸ். தலையாட்டினான். பெரியவர்கள் பேச்சுக்கு எல்லாரும் ஆட்டுவதுபோல ஆட்டினான்.

சாயங்காலம் லாரி வாசலில் நின்றது. நீளமாக ஒரு வயரை வெட்டி, இரண்டு முனையிலும் பிளக் பின் வைத்து முடுக்கினான். ஒரு முனை இன்வர்ட்டரில், மறுமுனை வீட்டுச் சுவர் பிளக்கில். மெயினை அணைக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. வெளியேதான் கரண்டு இல்லையே, அணைக்க என்ன இருக்கிறது என்று கணக்குப் போட்டான். வீட்டுக்குள் வருவதை மட்டும் நினைத்த பாவி, வீட்டிலிருந்து வெளியே போவதை நினைக்கவில்லை.

லாரியைக் கிளப்பி, சுவிட்சைப் போட்டான். வீடு முழுக்க விளக்கு எரிந்தது. ஜெயம் கல்யாணப் பெண் மாதிரி சிரித்தாள்.

"மிக்சி போடவா?"

"போடேன். வூட்டையே ஓட்டும்னு சொல்லியிருக்காரு!"

மிக்சி இரைந்தது. அதற்குள்ளே வேறு ஏதோ சத்தம் கலந்து வந்தது. ஜெயம் மிக்சியை நிறுத்தினாள். "யாரோ கத்துன மாதிரி இல்ல?"

இருவரும் கொல்லைப்பக்கம் ஓடினார்கள். அங்கிருந்த கம்பத்தின் உச்சியில், இடுப்பில் கயிறு கட்டிய ஒருவன் உதறி உதறித் துடித்துக்கொண்டிருந்தான். அவன் கை, கொளஞ்சி வீட்டுக்கு வரும் கம்பியோடு ஒட்டிக் கிடந்தது. லைன்மேன் வடிவேல். வாயிலிருந்து வந்தது மனுஷச் சத்தமாகவே இல்லை.

"ஐயோ, நான்தாங்க காலையில ஆபீசுல போயி கம்ப்ளெய்ன்ட் குடுத்துட்டு வந்தேன்!" என்று ஜெயம் தலையில் அடித்துக்கொண்டாள்.

கம்பியில் ஓடுவது தன் லாரிக் கரண்டுதான் என்று கொளஞ்சிக்கு உறைத்தது. ஊரெல்லாம் வடிவேலை விட்டுவிட்டுத் தன் வீட்டு விளக்கையே பார்ப்பது போலிருந்தது. எப்படித் திரும்பி ஓடினான், வாசற்படியில் எதில் முட்டிக்கொண்டான், ஒன்றும் தெரியாது. லாரியில் பாய்ந்து ஏறி சுவிட்சைத் தட்டினான். வீடு இருண்டது. கொல்லையில் சத்தமும் நின்றது. அந்த அமைதியைக் கேட்டதும் மறுபடியும் கொல்லைக்கு ஓடினான்.

அக்கம்பக்கத்தார் ஏணி போட்டு இறக்கினார்கள். மூச்சு இருந்தது. உள்ளங்கை கருகியிருந்தது. வயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அதே லாரியில் ஏற்றிக்கொண்டு கொளஞ்சி ஆஸ்பத்திரிக்கு விரட்டினான். அவனுக்கும் ஜெயத்துக்கும் நடுவில் வடிவேல், கொளஞ்சியின் தோளில் தலையைச் சாய்த்திருந்தான். ரயில்வே கேட் தாண்டும்போது கண் திறந்தான்.

"அண்ணே... பியூஸ் கட்டைய புடுங்கிட்டுத்தாண்ணே ஏறுனேன். பையில இருக்கு பாரு."

"பேசாதடா."

"ஒருவேள தப்பான கட்டைய புடுங்கிட்டனா? கவனமில்லாம ஏறுனான்னு சொல்லி வேலைய விட்டுத் தூக்கிடுவாங்கண்ணே. ரெண்டு பொட்டப்புள்ளைங்க. நான் புடுங்குனத பாத்தேன்னு நீ வந்து ஆபீசுல ஒரு வார்த்த சொல்லு. ஒன் காலத் தொடறேன்."

கொளஞ்சி ரோட்டையே பார்த்து ஓட்டினான். வயரை யாரும் பார்க்கவில்லை. சரிடா, வரேன் என்றால் போதும், உதவினவன் என்று பெயரே கிடைக்கும். வடிவேலின் தலைக்கு மேலாக ஜெயம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். வயர் எங்கிருந்து எங்கே போனது என்று அவளுக்குத் தெரியும்.

"நீ சரியாத்தான்டா புடுங்கியிருக்க" என்றான். குரல் அவனுடையதாகவே இல்லை. "அந்தக் கரண்டு ஒங்க லைன்லேர்ந்து வரல. இந்த லாரியிலேர்ந்து வந்துச்சு. வூட்டு பிளக்குல நாந்தான் சொருவுனேன். இதையே ஆபீசுலயும் வந்து சொல்றேன்."

வடிவேலுக்கு முதலில் விளங்கவில்லை. ஜெயத்தின் முகத்தைப் பார்த்தான். அவள் அழ ஆரம்பித்ததும் விளங்கிவிட்டது. கொளஞ்சியின் தோளிலிருந்து தலையை மெல்ல எடுத்துக்கொண்டு, அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தான்.