இரண்டு வளையம்

ஒரு வளையம் போட்டால் விதைக்காக விடவேண்டிய மரம். இரண்டு போட்டால் வெட்டவேண்டியது. காட்டு மரங்களுக்குப் பெயின்டால் குறி போடும் நம் குறிக்காரருக்கு உத்தியோகமே இவ்வளவுதான். அதிலும் கோட்டைவிட்டார்.

அது விதைக்காக விடவேண்டிய, நாற்பது ஆள் உயர மரம். அடியில் பலகை வேர்கள் சுவர் சுவராக நின்றன. ஒவ்வொன்றாக ஏறி இறங்கி, வளையத்தை முடிக்க வந்தால், கோடு புறப்பட்ட இடத்துக்கு ஒரு சாண் மேலே வந்து நின்றது. பார்த்தால் கூட்டாளிகள் ஒரு வருஷம் சிரிப்பார்கள். கோணலை மறைக்க இன்னொரு சுற்று போட்டார். தூரத்திலிருந்து பார்த்தால் அச்சடித்ததுபோல இரண்டு வளையம். வாழ்நாளில் அத்தனை நேர்த்தியாக அவர் எதையும் செய்ததில்லை.

மறுநாள் அவர் காய்ச்சலில் படுத்திருக்க, மரம் சாய்ந்தது. பல வருஷத்துக்கு ஒருமுறை பூக்கிற மரம், பூவோடு விழுந்தது.

நாலு மாதம் கழித்து ஒரு நண்பகலில் அவர் வீட்டுத் தகரக் கூரையில் 'டக்' என்று சத்தம். இரண்டு சிறகு வைத்த விதை ஒன்று சுழன்று இறங்கியது. பின்னாலேயே இன்னொன்று. அண்ணாந்து பார்த்தார். வெறும் வானம். அந்த விதை நூறடி தாண்டாது. அந்த ஜாதி மரமோ ஆற்றுக்கு அப்பால்தான் இருந்தது.

"காத்து கொண்டாந்திருக்கும், கூட்டித் தள்ளுங்க," என்றாள் மனைவி.

"லீவு வேணும்னா நேரா கேளுய்யா," என்றார் மேஸ்திரி.

காற்றே இல்லாத நாளிலும் விழுந்தது. தலையணையில் கிடந்தது, சட்டைப்பையில் கிடந்தது. புத்தி பேதலித்துவிட்டதா, இல்லை மரம்தான் தேடி வருகிறதா? தெரியாமல் சோறு இறங்கவில்லை.

மரத்தை அறுத்தவர் மனைவியின் அண்ணன். பட்டறையில் ரம்பத்துக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தார்.

"மச்சான், பைத்தியம்னு நினைச்சாலும் பரவாயில்ல..."

"அது கல்யாணத்தன்னிக்கே நினைச்சாச்சு, மாப்ளே."

"விளையாடாதீங்க. அந்த விதை எங்கேருந்து வருது?"

அரம் நின்றது. மச்சான் பூட்ஸைக் கழற்றி உதறினார். சிறகு முறியாத விதை ஒன்று தரையில் விழுந்தது.

"அறுக்கிறதுக்கு முன்னாடி வேரைச் சுத்தி நடந்து பாத்தேன். ஒத்தை வளையம் கோணிப்போச்சுன்னு அப்பவே புரிஞ்சுது. அவ்வளவு பெரிய மரத்தை ஒருதடவையாவது சாய்க்கணும்னு ஆசை, அறுத்துட்டேன். காத்தெல்லாம் இல்ல, மாப்ளே. அந்த மரந்தான். எனக்கும் விழுது."