சுனையின் பெயர் நீக்கம்

ஆவாரங்குழியில் சுனையின் பெயர் ரேஷன் கார்டில் இருக்கும். வருடத்துக்கு ஒரு வீடு என்று முறை வைத்து, பங்குனி பிறந்ததும் ஒரு கார்டிலிருந்து நீக்கி அடுத்த கார்டில் சேர்ப்பார்கள். யார் கார்டில் சுனை இருக்கிறதோ அந்த வீடுதான் அந்த வருடம் அதற்குப் பொறுப்பு. சுனைக்கு மேலே இருக்கும் சரிவில் மாடு ஏறக் கூடாது. அங்கே இருக்கும் மரத்தில் கத்தி படக் கூடாது. சோப்பு நுரை பக்கத்தில் வரக் கூடாது. கோடையில் வீட்டுக்கு நான்கு குடம்தான். சுனையின் பங்கு அரிசியைப் பொங்கி, சேறு வாரும் நாளில் ஊர் மொத்தமும் உட்கார்ந்து சாப்பிடும். அறுபத்திரண்டு வீடுகளும் இப்படித்தான் தண்ணீர் குடித்துவந்தன.

அந்த வருடம் முறை செம்பாயி வீட்டுக்கு வந்தது. நாற்பத்தாறு வயது, ஒன்றரை ஏக்கரில் காப்பியும் மிளகும் வைத்திருந்தாள். சொந்த நாத்தனார் பூங்காயி ஐந்தாவது குடத்தை முக்கியபோது அதைப் பிடுங்கிச் சுனையிலேயே கவிழ்த்தவள். பூங்காயி ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. செம்பாயிக்கு அதைப் பற்றிக் கவலையும் இல்லை.

ஆவணியில் ஒரு புதன்கிழமை காலை அவள் போய்ப் பார்த்தபோது சுனை இல்லை. கல் இருந்தது, பாசி இருந்தது, ஒரு தவளை உட்கார்ந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் போனுக்கு மெசேஜ் வந்தது. தங்கள் குடும்ப அட்டையிலிருந்து ஓர் உறுப்பினரின் பெயர் நீக்கப்பட்டது.

சுனை எப்போதும் காகிதத்துக்குக் கட்டுப்பட்டது. பெயர் எந்த வீட்டுக்குப் போகிறதோ அந்த வீட்டுக்கு அதுவும் போய்விடும். இந்த முறை அது மலை உச்சியில் புதிதாகக் கட்டியிருந்த சொகுசு விடுதிக்குப் போயிருந்தது. விடுதியின் முதலாளி தன் கார்டில் சேர்த்திருந்தார்.

செம்பாயி மேலே ஏறிப் போனாள். சுனை நீச்சல் குளத்தில் இருந்தது. நீல நிறமாக மாறியிருந்தது. மருந்து போட்டதில் அதன் கண் சிவந்திருந்தது. இரண்டு பேர் அதன் மேல் மிதந்தபடி போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மேனேஜர் ஜெயசீலன் நாற்காலி எடுத்துப் போட்டான். "பாத்துட்டுப் போங்கம்மா. கூட்டிட்டுப் போகத்தான் முடியாது. இங்க அதுக்கு எல்லா வசதியும் இருக்கு."

"வசதியா? அது கண்ணப் பாருடா!"

"பழகிடும்மா."

நாற்காலியை எட்டி உதைத்துவிட்டு இறங்கினாள்.

ஊர் இப்போது இரண்டு மைல் கீழே ஓடைக்கு நடந்தது. மூன்றாம் நாள் பூங்காயியின் மருமகள், எட்டு மாதக் கர்ப்பிணி, குடத்தோடு பாறையில் சறுக்கி முழங்கையை உடைத்துக்கொண்டாள். வயிற்றில் அடிபடாதது அதிர்ஷ்டம் என்று எல்லோரும் சொன்னார்கள். செம்பாயிக்கு அந்தச் சொல்லைக் கேட்கவே உடம்பு எரிந்தது. மறுநாள் முதல் பஸ்ஸில் கீழே இறங்கினாள். கொண்டை ஊசி வளைவுகள் முழுக்க மனதுக்குள் யாரையோ ஏசிக்கொண்டே போனாள்.

வட்ட வழங்கல் அலுவலர் கனகசபாபதி கோப்பைப் பிரித்துக் காட்டினார்.

"சுனை சுயவிருப்பத்தோடதான் போயிருக்கும்மா. விண்ணப்பம் இருக்கு. கையெழுத்தும் இருக்கு."

காகிதத்தின் அடியில் ஒரு ஈரத் திட்டு இருந்தது.

"இதுவா கையெழுத்து? எவனோ டம்ளர வச்சிருக்கான் சார்!"

"ஈரம் சுனையோடதுதான். பரிசோதனை பண்ணிட்டோம்."

"ஊர்ல கேட்டீங்களா? அறுபத்திரண்டு வீடு நாக்கு வறண்டு கெடக்குது. ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"மேஜரான உறுப்பினர் எங்க வேணும்னாலும் போகலாம். நீங்க தடுக்க முடியாது. சட்டம் அப்படி."

செம்பாயி மேசையில் இரண்டு கையையும் ஊன்றினாள். "மேஜர்னு உங்களுக்கு யார் சொன்னா?"

அலுவலர் விண்ணப்பத்தைப் பார்த்தார். வயது என்ற இடத்தில் 'பழமையானது' என்று எழுதியிருந்தது.

"அந்தக் கல்லுதான் பழசு, சார். தண்ணிக்கு என்ன வயசு? நிலத்தடி நீர் ஆபீஸ்லருந்து ஒருத்தர் வந்து பாட்டில்ல புடிச்சிட்டுப் போனாரு. எங்க சுனையில இன்னைக்கு வர்றது பதினோரு வருஷம் முன்னாடி மலை மேல பேஞ்ச மழை, அம்புட்டு நாள் மண்ணுக்குள்ள நடந்துதான் வெளிய வருதுன்னு சொன்னாரு. பதினோரு வயசுப் புள்ளைகிட்ட கையெழுத்து வாங்கியிருக்கீங்க!"

கனகசபாபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்படின்னா பிறப்புச் சான்று வேணுமே" என்றார்.

செம்பாயி அன்றே திரும்பி, காப்பி எஸ்டேட்டுக்கு நடந்தாள். அங்கே முப்பது வருடமாக மழைமானி பார்த்து எழுதும் ரைட்டர் மாசிலாமணி நோட்டைத் தேடி எடுத்தார். பதினோரு வருடத்துக்கு முன், ஐப்பசி பதினேழாம் தேதி, இருபத்தொரு சென்டிமீட்டர். செம்பாயியின் மாட்டுக்கொட்டகையை அடித்துக்கொண்டு போன மழை அது. ரைட்டர் அந்தப் பக்கத்தைப் படியெடுத்து, பிறந்த நேரம் அதிகாலை நான்கு மணி முதல் மறுநாள் மதியம் வரை என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார்.

மறுநாள் கனகசபாபதி சான்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மைனரின் பெயரைப் பாதுகாவலர் சம்மதம் இல்லாமல் மாற்றியது செல்லாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வருத்தம் தெரிவிக்கவில்லை. "அந்தப் பொண்ணு கைய யாரு சார் ஒட்டவைக்கிறது?" என்று செம்பாயி கேட்டாள். அதற்குத் தனி விண்ணப்பம் என்றார்.

அவள் ஊர் திரும்பியபோது சுனை கல்லுக்கு நடுவில் இருந்தது. நீலம் போக நான்கு நாள் ஆனது. பூங்காயி வந்து ஒரு குடம் நிரப்பிவைத்தாள். பிறகு செம்பாயியின் கையைப் பிடித்து, "வாய் இருந்தா உன்ன மாதிரி இருக்கணும் அண்ணி" என்றாள்.

ஐந்தாம் நாள் பள்ளிக்கூடத்திலிருந்து தலைமையாசிரியை ஸ்டெல்லா வந்தார். கையில் ஒரு பட்டியல். பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பில் சுனையின் பெயர் இருந்தது. பதினோரு வயதில் குழந்தையை வேலைக்கு வைத்திருப்பது குற்றம் என்றார். செம்பாயி ஏதோ சொல்ல வாயெடுத்து, யோசித்து, "சரிங்க டீச்சர்" என்றாள்.

சுனை ஆறாம் வகுப்பில் சேர்ந்தது. மூன்றாவது பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்தது. பக்கத்துப் பிள்ளைகள் காலைத் தூக்கி மேலே வைத்துக்கொண்டார்கள். ஒன்பது மணிக்கு முன்னும் நான்கு மணிக்குப் பின்னும்தான் ஊர் தண்ணீர் எடுத்தது. ஞாயிற்றுக்கிழமை சுனை விளையாடியதால் எடுக்கவில்லை. கார்த்திகைக்குள் நீர்மட்டம் இரண்டு சாண் ஏறியிருந்தது.

உச்சியில் ஜெயசீலன் சும்மா இருக்கவில்லை. விடுதிக்குப் பின்னால் மூன்று ஆழ்துளைக் குழாய் இறக்கினான். செம்பாயி தாசில்தாருக்கு மனு கொடுத்தாள். ஆட்சியருக்குக் கொடுத்தாள். பதில் வரவில்லை. சுனை வகுப்பில் தூங்கி விழ ஆரம்பித்தது, எழுதும் எழுத்து மெலிந்தது.

டீச்சர் பெற்றோர் கூட்டத்துக்குக் கூப்பிட்டார். செம்பாயி போனாள்.

"நீங்க பாதுகாவலர்தானேம்மா. பெத்தவங்க வரணும்."

அந்தச் சனிக்கிழமை பத்து மணிக்கு மலை வந்தது. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, மற்றப் பெற்றோருக்கு இடைஞ்சல் இல்லாமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தது. முதுகில் மூன்று துளையிலும் பஞ்சு வைத்திருந்தது. செம்பாயி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். மலை இருந்த இடத்தில் வானம் இருந்தது. அதற்கு நடுவில் விடுதி நின்றுகொண்டிருந்தது; மூன்று குழாயும் கீழே வெறுங்காற்றில் தொங்கின. மாடியில் ஜெயசீலன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தபடி யாருக்கோ போன் போட்டுக்கொண்டிருந்தான்.

டீச்சர் சுனையின் நோட்டுகளைக் காட்டி இரண்டு மணி நேரம் பேசினார். பிள்ளை தேறும் வரை வாரம் இரண்டு நாள் வந்து போக முடியுமா என்று கேட்டார். வாரம் முழுக்கவே வருகிறேன் என்று மலை பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டது.